ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

அப்பா வேலையிலிருந்து வந்து சைக்கிளைத் திண்ணையோரம் ஸ்டாண்டு போட்டதும் அதன்மேல் ஏறிக்கொள்வது எங்கள் தெருப் பிள்ளைகளின் வழக்கம். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல்தான். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழலும். நாலு மிதி மிதித்தால் போதும், கம்பிகள் எல்லாம் கரைந்து ஒரே வட்டமாகத் தெரியும். எத்தனை நேரம் மிதித்தாலும் மூச்சு வாங்காது. ஆனால் எவனாவது டைனமோவைத் தட்டி டயரோடு சேர்த்துவிட்டால், அடுத்த மிதியிலேயே கால் அதை உணர்ந்துவிடும். முன்னால் விளக்கு எரியும், தொடையில் ஒரு கனம் ஏறும்.

அந்த விளக்குக்கு வேண்டியது மூன்று வாட் மின்சாரம். உராய்விலும் சூட்டிலும் வீணாவதையும் சேர்த்து, மிதிப்பவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு சின்னப் பளுவைக்கூடக் கால் கண்டுபிடித்துவிடுகிறது. உடற்பயிற்சி பற்றிய அறிவியல் முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சக்கரம் சுற்றுவதால் மட்டும் உடம்பு மாறுவதில்லை. சக்கரத்தை ஏதோ ஒன்று தடுக்க வேண்டும், அந்தத் தடை எவ்வளவு என்று தெரிய வேண்டும், அது நாளாக ஆகக் கூட வேண்டும்.

நம் வாசுதேவநல்லூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே மலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும், பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை. பார்த்தால் உடம்பு வளைந்து வேலை செய்யும் ஊர் மாதிரிதான் இருக்கும். ஆனால் உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் தண்ணீருக்கு மோட்டாரும் வந்து நாளாகிவிட்டது. நாலு தெரு தள்ளியிருக்கும் கடைக்கும் பைக்கில்தான் போகிறோம். சரி, காலையில் நடக்கலாம் என்று கிளம்பினால், ஊர் வழியாகப் போவது மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. விடியும் முன்பே கேரளம் போகிற லாரிகள் வரிசை கட்டும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, காற்றில் சேலை பறக்க, ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் அக்காக்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கும். ஐந்து மணிக்கு அடுப்படி வேலை தொடங்கிவிடுகிறவர்களுக்கு அந்த நடையும் கிடையாது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையாகவே சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய 'இண்டியாப்' ஆய்வு அது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்குப்படி, பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 54.4 விழுக்காட்டினர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். கிராமப்புறத்திலும் பாதிப்பேர் அப்படித்தான். உடற்பயிற்சி என்றோ விளையாட்டு என்றோ நேரம் ஒதுக்குபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வின் 2023 அறிக்கை இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது.

கொரோனாக் காலத்திலும் அதற்குப் பிறகும் நம் பக்கத்து வீடுகளுக்குள் உடற்பயிற்சி சைக்கிள் நுழைந்ததற்கு இதெல்லாம் பின்னணி. நல்ல முடிவுதான் அது. லாரி இல்லை, நாய் இல்லை, மழை இல்லை, முழங்காலில் உடம்பின் எடை விழுவதில்லை. ஆனாலும் பல வீடுகளில் இரண்டாம் மாதமே அதன்மேல் துண்டு காய்கிறது. வாங்கியவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மிதியுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எவ்வளவு கனமாக, எத்தனை நிமிடம், எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று சொன்னவர்கள் இல்லை. முதல் நாள் ஆவேசமாக மிதித்து, மறுநாள் தொடை பிடித்து, மூன்றாம் வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல், அப்படியே விட்டுப்போகிறது.

அந்த "எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நின்ற இடத்தில் பளுவை அளந்து மிதிக்கும் சைக்கிள் பிறந்தது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், உழைக்கும் உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்று அளக்க விரும்பினார். உழைப்பைத் துல்லியமாக அளக்காமல் ஆக்சிஜனை மட்டும் அளந்து பயனில்லை. 1913-ல் அவர் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பதிலாகச் செம்புத் தகடு ஒன்றை வைத்து, அதை மின்காந்தங்களுக்கு நடுவே சுழலவிட்டார். காந்தத்தின் ஊடே செம்பு சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து தகட்டைப் பின்னுக்கு இழுக்கும். காந்தத்தின் வலுவைக் கூட்டினால் இழுப்பும் கூடும். இன்று கடையில் 'மேக்னடிக்' என்று விற்கும் சைக்கிளில் திருகைத் திருப்பும்போது நடப்பதும் அதுவேதான். காந்தம் தகட்டுக்கு அருகே நகர்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, தசையிலுள்ள தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று கண்டதற்காகக் குரோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாட் என்றால் என்னவென்று கிணற்றடியில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். பத்து லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் மேலே இழுத்துக்கொண்டே இருந்தால் அது ஏறக்குறைய 100 வாட் உழைப்பு. பழக்கமில்லாத ஒருவர் அரைமணி நேரம் நிறுத்தாமல் தரக்கூடியது அதற்கும் கொஞ்சம் கீழேதான் இருக்கும், 60 அல்லது 80 வாட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் அங்கிருந்து ஏற முடியும்.

படிப்படியான திட்டம் ஒன்று சாதாரண மனிதர்களுக்கு என்ன செய்யும் என்று பார்த்த ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது, 1990-களில் குளோட் புஷார் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிட்டேஜ்' குடும்ப ஆய்வு. விளையாட்டு வீரர்கள் அதில் கிடையாது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத தாய், தந்தை, வளர்ந்த பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, இருபது வாரம், வாரம் மூன்று நாள், கணினி பளுவைக் கட்டுப்படுத்தும் சைக்கிளில் மிதிக்கவைத்தார்கள். தொடக்கத்தில் அவரவர் உச்சத் திறனில் 55 விழுக்காடு, முப்பது நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பளுவையோ நேரத்தையோ கொஞ்சம் கூட்டினார்கள். பதினான்காம் வாரம் 75 விழுக்காடு, ஐம்பது நிமிடம். கடைசி வரை அதே அளவு. இவ்வளவுதான் திட்டம்.

பலனாக, உடம்பு ஒரு நிமிடத்தில் உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சராசரிக்குள் பெரிய வேறுபாடு இருந்தது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. இந்த ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதி குடும்ப வழியாக வருவது என்றும் தெரிந்தது. ஒரே வீட்டில் இருவர் ஒரே சைக்கிளை மிதித்து, ஒருவர் வேகமாக முன்னேற மற்றவர் பின்தங்கினால், அது முயற்சிக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது. தவிர, அந்த ஓர் அளவு நகராவிட்டாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் என்று வேறு பக்கங்களில் பலன் இருக்கலாம்.

உள்ளே நடப்பது ஒரு வரிசையில் நடக்கிறது. முதலில் மாறுவது ரத்தம். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்கும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கூடுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிகம் நிரம்பி அதிகம் தள்ளும். அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்துவிடும். மூன்றாம் வாரத்தில் 'என்னவோ லேசா இருக்கு' என்று தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அடுத்த மாற்றங்கள் தசைக்குள். ஒவ்வொரு தசை இழையையும் சுற்றி மேலும் தந்துகிகள் முளைக்கின்றன. இழைக்கு உள்ளே, ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 1967-ல் ஜான் ஹோலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசையில் இந்த எரிக்கும் நொதிகள் ஏறக்குறைய இரு மடங்கானதைக் காட்டினார். அதுவரை பயிற்சி என்றால் இதயம் வலுப்படுவது என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். தசையும் தன் அடுப்புகளை எண்ணிக்கையில் கூட்டிக்கொள்கிறது என்று அன்று தெரிந்தது.

இந்த அடுப்புகள் நிலையானவை இல்லை. பயிற்சியால் கூடிய மைட்டோகாண்ட்ரியப் புரதங்களின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். தீ மூட்டாமல் விட்டால் அடுப்பைக் கலைத்துவிடும் உடம்பு. எட்வர்ட் காயில் 1984-ல் நன்கு பயிற்சி பெற்றவர்களை நிறுத்தச் சொல்லி அளந்தபோது, மூன்று வாரத்துக்குள் ஆக்சிஜன் உச்ச அளவு 7 விழுக்காடு குறைந்திருந்தது, எட்டு வாரத்தில் 16 விழுக்காடு.

இங்கே சங்கரன்கோவில் ஆடிச்சுற்று நினைவுக்கு வருகிறது. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் கோமதியம்மனை நினைத்துக் கோயிலைச் சுற்றுவார்கள். நூறு சுற்றைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. அந்த மனவுறுதியைப் பார்த்து நான் கைகூப்பியிருக்கிறேன். உடம்பின் கணக்கு மட்டும் வேறு மாதிரி. வருடத்தில் ஒரு நாள் நூறு சுற்று சுற்றினால் அதற்குக் கிடைப்பது வலி. அதே நூறு சுற்றை நாளுக்கு நாலைந்தாகப் பிரித்துக் கொடுத்தால் அது தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கும். சுற்றப் போகிறவர்கள் ஆனியிலேயே மெல்லத் தொடங்கினால் ஆடியில் கால் வீங்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடினமாக மிதிப்பது. வேர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. மெதுவாக மிதிப்பதன் பெருமையைப் புரிந்துகொள்ள, ஒரு காலத்தில் நம் ஊர்ப் பொட்டல்களில் நடந்த சைக்கிள் விளையாட்டைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கியும் குழல்விளக்கும் கட்டி, ஒரு மனிதர் ஐந்து நாள், ஏழு நாள் என்று சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றிச் சுற்றி வருவார். சாப்பாடு, பல்தேய்ப்பு, குளியல் எல்லாம் சைக்கிளிலேயே. சாயங்காலம் ரெக்கார்டு டான்ஸ், வித்தைகள். ஊர்க்காரர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். கடைசி நாளில் மாலை போட்டு இறக்குவார்கள். தூக்கமில்லாமல் அவர் பட்ட பாடு பெரியது. ஆனால் கால்கள் எப்படித் தாங்கின?

நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் சமதரையில் போகும் சைக்கிளுக்கு முப்பது வாட் இருந்தாலே போதும். அந்த அளவில் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் வந்து சேர்ந்துவிடும். அப்போது அது பெரும்பாலும் கொழுப்பை எரிக்கும். நம் உடம்பில் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து அரைக்கிலோவுக்கு உள்ளேதான், சுமார் 2,000 கிலோகலோரி. கொழுப்போ, ஒல்லியானவரிடமும் பல பத்தாயிரம் கிலோகலோரி இருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு கொழுப்பை விட்டுச் சர்க்கரைக்குத் தாவுகிறது. ஒரு கோட்டைத் தாண்டியதும் ரத்தத்தில் லாக்டேட் என்ற வேதிப்பொருள் தேங்குகிறது, மூச்சு இரைக்கிறது. பொட்டலில் சுற்றிய மனிதர் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே நின்றதால்தான் ஏழு நாள் நின்றார்.

நாம் அவ்வளவு கீழே இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்தின் பெரும்பாலான நாட்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். உலகின் சிறந்த நெடுந்தூர வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஸ்டீபன் செய்லர் கணக்கெடுத்தபோது, ஐந்தில் நாலு பங்குப் பயிற்சி எளிதான வேகத்தில் இருந்தது. மிச்சம் ஒரு பங்குதான் கடினம். நடுவாந்தர வேகம், அதாவது நாம் தினமும் செய்யத் துடிக்கும் அந்த 'கொஞ்சம் கடினம்', அவர்களிடம் மிகக் குறைவு. எளிதான நாள் உடம்பைத் தேய்க்காமல் மைட்டோகாண்ட்ரியாவை வளர்க்கிறது, மறுநாளும் சைக்கிளில் ஏற ஆசையை மிச்சம் வைக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எளிது என்பதை எப்படி அறிவது? பேசிப் பார்க்க வேண்டும். மிதித்துக்கொண்டே அக்காவிடம் போனில் நேற்றைய சங்கதியை முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் சரியான இடம். பாட்டே பாட முடிந்தால் பளு போதாது. நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலும் உண்டு. அது 6-ல் தொடங்கி 20-ல் முடியும். தனக்கு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறதோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அதைப் பத்தால் பெருக்கினால் இளம் வயதினரின் நாடித்துடிப்பு ஏறக்குறைய கிடைக்கும். அதற்காகவே 6-ல் தொடங்கியிருக்கிறார். எளிதான நாளுக்கு 11 அல்லது 12. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் நம்பகமானது.

இதையெல்லாம் வைத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். ஹெரிட்டேஜ் ஆய்வின் ஏணியை நம் வீட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் தளர்த்தியது. செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாள். முதல் வாரம் இருபது நிமிடம், நிமிடத்துக்கு எழுபது சுற்று போலக் கால் ஓடும்படி, பேச முடிகிற பளுவில். அடுத்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு நாளுக்கும் நாலு நாலு நிமிடம் கூட்டலாம். நாலாவது வாரம் திரும்பவும் இருபதுக்கு இறங்க வேண்டும். இந்த இறக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பளுவின்போது உடம்பு தேய்கிறது, வளர்வது ஓய்வில். வயலைத் தொடர்ந்து பயிர் வைக்காமல் ஒரு போகம் ஆறப்போடுவது போல.

ஐந்தாம் வாரம் முதல் வியாழக்கிழமையை மட்டும் கடின நாளாக்குங்கள். பத்து நிமிடம் சூடேற்றிக்கொண்டு, பேச முடியாத அளவுக்கு மூன்று நிமிடம், பிறகு லேசாக மூன்று நிமிடம், இப்படி நாலு முறை. போர்க் கணக்கில் 16 அல்லது 17. செவ்வாய் முப்பத்தைந்து நிமிடம் வரை, ஞாயிறு நாற்பத்தைந்து வரை, இரண்டும் எளிதாக. எட்டாவது வாரம் மறுபடி இறக்கம். ஒன்பதாம் வாரத்திலிருந்து கடின மூன்று நிமிடம் நாலாகட்டும், ஞாயிறு ஒரு மணி நேரத்தை நோக்கிப் போகட்டும். பன்னிரண்டாம் வாரம் இறக்கிவிட்டு, முதல் வாரத்தில் மிதித்த அதே பளுவில் அதே இருபது நிமிடம் மிதித்து, நாடியைப் பாருங்கள். மாற்றம் அந்த எண்ணில் தெரியும். கண்ணாடி இவ்வளவு சீக்கிரம் காட்டாது, எடைப்பொறியும் காட்டாது.

நாலு நிமிடம், நாலு முறை என்பதற்கு நார்வேயில் ஒரு சோதனை இருக்கிறது. 2007-ல் யான் ஹெல்கெருட் குழுவினர், எட்டு வாரம், மொத்த உழைப்பு ஒரே அளவாக இருக்கும்படி பலவிதப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். அவர்கள் ஓடியவர்கள், மிதித்தவர்கள் அல்ல. நாலு நிமிட இடைவெளிப் பயிற்சி செய்தவர்களின் ஆக்சிஜன் உச்சம் 7 விழுக்காடு போலக் கூடியது. மெதுவாக நெடுநேரம் ஓடியவர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை. அப்படியானால் எளிதான நாளே வேண்டாமே என்று கேட்கலாம். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே ஓரளவு உடற்தகுதி உள்ள இளைஞர்கள். நாற்பத்தைந்து வயதில் புதிதாக ஏறுகிறவருக்கு முதல் மாதம் எளிதான மிதியே போதுமான பளு. ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட, இருபது நொடி உச்சம் பத்து நொடி ஓய்வு என்ற பயிற்சியும் நிறுத்திவைத்த சைக்கிளில் பிறந்ததுதான். அது தேர்ந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர்களின் பயிற்சியிலிருந்து வந்தது. இன்று செல்போன் காணொளிகளில் அதைத் தொடக்கக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வீட்டுக்குள் மிதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊர் வெயிலில் அது பெரிய சிக்கல். உடம்பு என்ற இயந்திரம் உண்ட ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது. மிச்சமெல்லாம் சூடு. 100 வாட்டில் மிதிப்பவர் உள்ளுக்குள் 300 வாட்டுக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறார், பழைய 40 வாட் குழல்விளக்குகள் எட்டை நெஞ்சுக்குள் எரியவிட்டது போல. ரோட்டில் போனால் எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறைக்குள் காற்று அசையாது. வேர்வை வெளியே வருவதால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கால் லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் அரைமணி நேரச் சூடு போய்விடும். தரையில் சொட்டினால் பலனில்லை. ஆவியாக்கம் போதாதபோது இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், பளு மாறாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். அதனால் நேர் எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் கட்டாயம். ஆடி மாதம் மேல்காற்று வீசும்போது மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்தால் ஃபேனே வேண்டாம்.

சைக்கிள் எப்படிப்பட்டது என்பது பெரிய விஷயமில்லை. பளுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்க்க ஓர் இடமும் இருந்தால் சரி. வீட்டில் சும்மா நிற்கும் விலையில்லா மிதிவண்டியையும் காந்த உருளை வைத்த டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டலாம். அதன் சொந்த ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் சின்ன வயதில் சுற்றிய அதே வெறுஞ்சக்கரம்தான். சீட்டின் உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டைத் தாழ்த்திவைத்து மிதித்து, சைக்கிளால் முழங்கால் போச்சு என்கிறவர்கள் நிறையப் பேர்.

'நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு' என்று கேட்பவர்களுக்காக ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். 2004-ல் லான்செட் இதழில், புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு, லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. சட்டைக்கு வெளியே தெரியாத கொழுப்பு நம் மக்களிடம் அதிகம். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் குளூக்கோஸை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசை. இன்சுலின் வந்து தட்டினால்தான் அதன் கதவு வழக்கமாகத் திறக்கும். தசை சுருங்கி விரியும்போது அந்தத் தட்டல் இல்லாமலே கதவு திறக்கிறது. அதன் பலன் ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று இடைவெளி விட்டுச் சொன்னதற்கு இதுவும் காரணம். இரண்டு நாளுக்கு மேல் கதவு மூடியிருக்கக் கூடாது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவும் உடலுழைப்பும் மாற்றியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கிவிடும், கைக்கெட்டும் இடத்தில் வெல்லமோ சர்க்கரையோ இருக்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களும், பல வருடம் அசையாமல் இருந்து நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

வயதாகிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு டல்லாஸ் நகரத்து ஐந்து பேரைப் பற்றிச் சொல்வேன். 1966-ல், இருபது வயதில், பெங்ட் சால்ட்டின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்கள் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தார்கள். ஆக்சிஜன் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்தது அதிகம். பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், நின்ற இடத்து சைக்கிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை கொண்டுபோனார்கள். இருபது வயதில் பயிற்சி செய்து எட்டிய உச்சத்தை ஐவரில் ஒருவரும் தொடவில்லை. ஆனால் 1966-ல், படுக்கையில் படுப்பதற்கு முந்தைய நாள் இருந்த இடத்துக்குச் சராசரியில் திரும்பி வந்துவிட்டார்கள்.